அவன் யாரைத் தேடி வந்தான்

எங்களுக்கு ஜெர்மன் படிப்பித்த ரீச்சரை ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் அரசாங்கத்தின் உளவுகாரி என்றே நினைத்திருந்தோம். அதில் எங்கள் பிழை ஒன்றும் இல்லை. அகதி என்று வந்து இறங்கிய நாளிலிருந்து எங்களிடம் கேள்வி கேட்ட வெள்ளைக்காரர் அத்தனை பேரும் ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரிலிருந்துதான் வந்தார்கள். கேள்வி கேட்பார்கள், தட்டச்சு செய்வார்கள், கையெழுத்து வாங்குவார்கள், பிறகு மூச்சுக் காட்டமாட்டார்கள். இப்படிப்பட்ட நாட்டில், ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, சும்மா வந்து, 'நான் கடைக்குப் போகிறேன், நீ கடைக்குப் போகிறாய்' என்று படிப்பித்து முடித்த கையோடு ஒலிப்பதிவுப் பெட்டியை மேசையில் வைத்து, உங்கள் அப்பா கண்டிப்பானவரா, பள்ளிக்கூடத்தில் யாராவது உங்களைக் கேலி செய்தார்களா, துப்பாக்கியை முதன்முதலில் எப்போது கண்டீர்கள் என்று கேட்டால் வேறு என்னதான் நினைப்பது?

அது எண்பதுகளின் நடுப்பகுதி. டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் எல்லையில் மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியில் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். ஹைம் என்று அதற்குப் பெயர். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரைவிட்டு வெளியே போவதென்றால் கடிதம் வேண்டும். ஆகவே செய்வதற்கு இருந்த ஒரே உருப்படியான காரியம் ரீச்சரின் வகுப்புத்தான். விடுதியின் பின்பக்கத்தில், முன்பு மரப்பந்து உருட்டி விளையாடிய நீண்ட மண்டபம் ஒன்று இருந்தது. அதில்தான் படிப்பு. பந்துகளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், ஓடுபாதை மட்டும் மிச்சம். ரீச்சர் கையிலிருந்து சோக்கட்டி விழுந்தால் அது மறுகோடி வரைக்கும் உருண்டு போகும். பிள்ளை குட்டி பெற்ற பெரிய மனிதர்கள் நாங்கள் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கல்யாணமாகி, புருஷனோடு அந்த ஹைமில் ஓர் அறை. வாய் கொஞ்சம் நீளம். அதனாலோ என்னவோ மற்றவர்களைவிடக் கெதியாக ஜெர்மன் பிடித்துக்கொண்டேன், மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது. உளவுகாரி என்று முடிவு செய்த பிறகு எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கதையையே ரீச்சருக்கும் ஒப்புவித்தார்கள். ஹைமில் இருந்த ஆண்களுக்குள் மூத்தவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். இராணுவம் துரத்தியபோது மதில் ஏறிக் குதித்தவர் அவர். முதல் தரம் சொன்னபோது மதில் அவருடைய இடுப்பளவு. இலை உதிரத் தொடங்கியபோது ஆளுயரம். பனி கொட்டியபோது அதன் உச்சியில் கண்ணாடித் துண்டுகள் முளைத்திருந்தன.

ரீச்சர் அத்தனையையும் பதிவு செய்தார். ஆனால் மதிலில் அவருக்கு அக்கறை இல்லை. குதித்தபோது கோபம் வந்ததா, யார்மேல் வந்தது, இப்போதும் அது இருக்கிறதா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். எந்தக் கோபத்தைச் சொன்னால் விசா கிடைக்கும் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

ஒருநாள் பொறுமை கெட்டு நான் நேராகவே கேட்டுவிட்டேன், நீங்கள் எந்தக் கந்தோர் என்று. ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்.

நாங்கள் அங்கே வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் பழைய மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்திருக்கிறான். வயது இருபது. துப்பாக்கி, வேட்டைக்குப் போகிற மாமனுடையது. நேரே மேல்மாடிக்கு ஏறி, ஒரு வகுப்பறைக் கதவைத் திறந்து சுட்டிருக்கிறான். இரண்டு பிள்ளைகளும் இளம் ஆசிரியை ஒருவரும் செத்துப்போனார்கள். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். அந்த வகுப்பறை பல வருடங்களாக எங்கள் ரீச்சருடையது. முழங்கால் வலியால் படியேற முடியாமல், அந்த வருடத் தொடக்கத்தில்தான் அவர் கீழே ஓர் அறைக்கு மாறியிருந்தார். வெளிச்சமான அறை கிடைத்ததென்று சந்தோஷமாக மேலே போனவர்தான் செத்துப்போன இளம் ஆசிரியை. சுட்டவனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, கணக்கில் தேறவில்லை என்று வகுப்பேற்றாமல் அவனை மறித்தவர் எங்கள் ரீச்சர்.

"அவன் யாரைத் தேடி வந்தான்?" என்று கேட்டார். "எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்."

ஊருக்கு அவர் சொல்லிக்கொண்டது, புத்தகம் எழுதுகிறேன் என்று. இப்படியான காரியத்தைச் செய்கிறவனுடைய மனம் எப்படி இருக்கும் என்று ஆராய்கிற புத்தகம். ஒருநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இல்லை. பொலிஸ் சொன்னவை, பத்திரிகைகள் எழுதியவை, வேறு நாடுகளில் இதேபோலச் செய்தவர்களைப் பற்றி மனநல வைத்தியர்கள் எழுதியவை, எல்லாம் அடுக்கடுக்காகக் கிடந்தன. சுவரில் ஒரு பெரிய தாளில் மூன்று வட்டங்கள் போட்டிருந்தார். வீட்டில் அடி, பள்ளியில் அவமானம், கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம். மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் அந்தப் பெடியன் நிற்கிறானாம். எனக்கு அந்தத் தாளைப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு எங்கள் ஹைம் முழுவதும் புட்டு அவித்துத் தின்கிறதே என்று நினைத்தேன்.

அதைத்தான் ரீச்சரும் நினைத்திருக்கிறார். இத்தனை காரணம் இருந்தும் சுடாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் சுட்டவன் எந்த இடத்தில் பிரிந்தான் என்று தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அரசாங்கம் எங்களைக் கொண்டுவந்து அவருடைய ஊரிலேயே இறக்கியிருக்கிறது.

ஆனால் நாங்கள் எல்லாம் ஒத்திகைதான். அவருக்கு உண்மையில் பேசவேண்டியிருந்தது ஒரே ஒருவரோடு. அந்தப் பெடியனின் தாய் அதே ஊரில், ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், தனியாக இருந்தார். ரீச்சர் எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறார், ஒன்றுக்கும் பதில் இல்லை. ரெலிபோனைத் தாய் வெட்டுவித்துவிட்டார். நேரே போய்க் கதவைத் தட்டினால் என்ன என்று நான் கேட்டபோது, டெர்மின் இல்லாமலா என்று ரீச்சர் திடுக்கிட்டார். முன்கூட்டி நாளும் நேரமும் குறித்துத் தராத வீட்டுக் கதவைத் தட்டுவது அவருக்கு ஏறக்குறைய களவுக்குச் சமம்.

ரீச்சர் உளவுகாரி இல்லை என்று நான் அறிவித்ததும் வகுப்பே இளகிப்போயிற்று. அண்ணைக்கு மட்டும் மனவருத்தம். இவ்வளவு பாடுபட்டு உயர்த்திய மதில் வீணாகப் போயிற்றே என்று.

அடுத்த கிழமை ரீச்சர் கேட்டது, பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு அடி விழுந்ததா என்று. கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அழுகிறவர்களுக்கென்று காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். நான் மொழிபெயர்த்ததுதான் தாமதம், மண்டபம் கலகலத்துப் போயிற்று. எந்த மாஸ்ரர் எந்தத் தடியால் அடிப்பார், பூவரசங் கம்பு நோகுமா பிரம்பு நோகுமா, காற்சட்டைக்குள் கொப்பிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனவனை எப்படிப் பிடித்தார்கள் என்று ஆளுக்காள் போட்டி. ஒருவர் வெயிலில் முழந்தாளில் நின்ற கதையைச் சொல்ல, இதெல்லாம் ஒரு தண்டனையா என்று இன்னொருவர் இளக்காரமாகப் பார்த்தார். அண்ணை எழுந்துபோய் ஓடுபாதையில் நின்று, தன்னுடைய கணக்கு மாஸ்ரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அடிக்கிற விதத்தை நடித்துக்காட்டினார். ரீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய வட்டங்களின்படி, அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் எப்போதோ ஒரு பள்ளிக்கூடத்தைச் சுட்டிருக்கவேண்டும். காகிதக் கைக்குட்டையில் ஒன்றை ஒருவர் தடிமனுக்கு மூக்குச் சிந்த எடுத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கு மாஸ்ரரைப் பழிவாங்க நீங்கள் நினைத்ததே இல்லையா என்று ரீச்சர் விடாமல் கேட்டார். அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"அவர்தான் எனக்குப் பொம்பிளை பேசி முடிச்சவர். பழியை அவர்தான் வாங்கினவர்," என்றார்.

அண்ணையின் மனைவி அந்த நேரம் சமையலறையில் இருந்தது அவருடைய நல்லகாலம். நான் மொழிபெயர்த்ததைக் கேட்டு ரீச்சரே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியென்றால் உங்களில் ஒருவரும் ஏன் துப்பாக்கி எடுக்கவில்லை என்று பொதுவாகக் கேட்டார்.

பின்வரிசையில் அக்கா இருந்தார். ஐம்பது தாண்டியவர், மகளோடும் மருமகனோடும் வந்தவர். வகுப்புக்கு வரும்போது மடியில் ஒரு சட்டியும் வெங்காயமும் கொண்டுவருவார். ஜெர்மனில் அவருக்குத் தெரிந்தது 'யா' ஒன்றுதான். எதைக் கேட்டாலும் 'யா' என்று சொல்லிவிட்டு உரிப்பதைத் தொடர்வார், அதனால் ரீச்சர் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டார். அந்த அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சிலதுகள் எடுத்ததுகள்தானே," என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. அக்காவின் ஒரே மகன் பள்ளிக்கூடம் போன கோலத்திலேயே, ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளோடு போய்விட்டான் என்பது ஹைமில் எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்கிறான், இருக்கிறானா என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒலிப்பதிவுப் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அகதி விண்ணப்பம் தீர்க்கப்படாமல் கிடக்கிற வீட்டில், பிள்ளை துவக்குத் தூக்கியவன் என்று பதிவாவதைப்போலப் பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை. அவர் என்ன சொன்னார் என்று ரீச்சர் என்னிடம் கேட்டார். தேநீர் போடட்டுமா என்று கேட்கிறார் என்றேன். ரீச்சர் மகிழ்ந்துபோய், ஆம், மிக்க நன்றி என்றார். அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

அதன் பிறகு ரீச்சர் எங்களிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, தாயிடம் கேட்கப்போகும் கேள்விகளைப் பழகத் தொடங்கினார். இன்னொரு கடிதம் போட்டிருந்தார், இந்த முறை டெர்மின் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. தாயாக நடிக்க நான்தான் ஆள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ரீச்சர் கற்பனையாகக் கதவைத் தட்டினார். நான் திறந்து, வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டாச்சோ என்று ஜெர்மனில் கேட்டு, தேநீர் ஊற்றி, உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசினால் நல்லது என்று சொல்லி, ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று விசாரித்தேன். இரண்டாம் கேள்விக்குக்கூட அவரால் போக முடியவில்லை. ஒரு ஜெர்மன் தாய் இப்படி எல்லாம் கேட்கமாட்டாள் என்று ரீச்சர் எரிந்து விழுந்தார். கேட்கமாட்டாளென்றால் அவளை வைத்தே ஒத்திகை பாருங்கள் என்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

இது என்ன கூத்து என்று அக்கா கேட்டார். முழுக்கதையும் தெரியாமல்தான் அதுவரை இருந்திருக்கிறார். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பள்ளிக்கூடம், செத்த பிள்ளைகள், ஆசிரியை, அந்தப் பெடியன், தாய். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செத்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆட்கள் போனார்களா என்று கேட்டார். ஊரே போனது, இன்றைக்கும் போகிறது, நானும் ஞாயிறு தவறாமல் கல்லறைக்குப் போகிறேன் என்றார் ரீச்சர். அந்தப் பெடியனின் செத்தவீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று அடுத்ததாகக் கேட்டார் அக்கா.

இதை மொழிபெயர்த்ததும் ரீச்சர் கேள்வித்தாளை மடித்து வைத்தார். பாதிரியாரும் மாமனும் மட்டும் நின்றதாகக் கேள்வி என்றார். வேறு ஊரில், விடிவதற்கு முன்பே புதைத்துவிட்டார்களாம். தாயின் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. போவது என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "ஒருத்தரும் போகேல்லையோ?"

"அவன் கொலைகாரன், அக்கா."

"அவன் கொலைகாரன். தாய் ஆரைச் சுட்டவ?"

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத்தான் அழைப்பு எதிர்பார்ப்போம். செத்தவீட்டுக்குச் செய்தி காதில் விழுந்தால் போதும், வருடக்கணக்காகப் பேசாத சண்டைக்காரர்கூட எழுந்து போவார்கள். செய்தி பிந்தி வந்தால் பிந்திப் போவார்கள். அக்கா அந்தச் சட்டத்தை அப்படியே ஜெர்மனிக்குப் பொருத்திவிட்டார். நாளைக்குப் போகவேணும், நீ வா என்றார் என்னிடம். அது நடந்து வருடக்கணக்காகிவிட்டது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இண்டைக்குத்தானே செய்தி வந்தது," என்றார்.

மறுநாள் காலை சமையலறை ஒரே அமளி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கேக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னதை அக்கா காதிலும் போட்டுக்கொள்ளவில்லை. இழவு வீட்டுக்கு யாராவது இனிப்புக் கொண்டுபோவார்களா? சோறும் பருப்பும் பால்சொதியும் என்று முடிவானது, மிளகாய் போடுவதா விடுவதா என்பதில் அண்ணையும் அவர் மனைவியும் மோதிக்கொண்டார்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் முழுக வேண்டும், ஹைமிலோ பின்னேரத்துக்குப் பிறகு சுடுதண்ணீர் வராது. ஆகவே மத்தியானத்தோடு போய்வந்துவிட வேண்டும் என்று நேரமும் குறித்தாயிற்று. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, அதற்கு மேல் தேவாலயத்தில் இலவசமாகக் கிடைத்த ஆண்களின் நீண்ட கோட்டைப் போட்டு, கால்களில் மருமகனின் சப்பாத்தை மாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வாசலில் வைத்து அவர் சொன்னதுதான் என் சிரிப்பை முழுதாக நிறுத்தியது.

"என்ரை பிள்ளை என்ன செய்யுறானெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. நாளைக்கு நான் இருக்கிற வீட்டுக்கும் ஒருத்தரும் வராமல் விட்டால்?"

சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் கடுகு நிறக் கார் வந்து சேர்ந்தது. ரீச்சருக்கு அண்ணை சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி, இது தவறு, இது அத்துமீறல், அந்தப் பெண் பொலிஸைக் கூப்பிட்டால் உங்கள் விண்ணப்பத்துக்குத்தான் கேடு, இத்தனை வருடமாக நான் பொறுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நடை வேகத்தில் எங்களோடு கூட ஓட்டினார். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வாசலில் புதிய பூங்கொத்து ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்களைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். அவர்களிடமும் நான் போவேன், ஆனால் அங்கே போக ஊர் இருக்கிறது என்றார். ரயில் பாதைக்குக் கிட்ட வரும்போது ரீச்சர் வாயை மூடிக்கொண்டார். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார்.

மணியை நான்தான் அடித்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்தவர் உயரமான, மெலிந்த பெண். ஏப்ரன் கட்டியிருந்தார். எந்தக் கந்தோர் என்று அவர் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வழியெல்லாம் பாடமாக்கி வந்த நல்ல ஜெர்மன் வசனம் மறந்துபோயிற்று. உங்கள் மகன் செத்ததற்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அது எப்போதோ நடந்தது என்றார் அவர். இவருக்கு நேற்றுத்தான் தெரியும் என்றேன். அவர் அக்காவையும் கோட்டையும் சப்பாத்தையும் துணியில் கட்டிய சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் என்ன செய்தான் என்று தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றேன்.

வாசலில் நின்று பேசுகிற இந்தப் பழக்கம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினார், சட்டியை என் கையில் தந்தார், உள்ளே போய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மெல்லிய அழுகை இல்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிற, எங்கள் ஊர்ச் செத்தவீட்டு அழுகை. எதிர்வீட்டுச் சன்னல் சீலை விலகியது. நான் சட்டியோடு நின்றபடி பொலிஸ் வரப்போகிறது என்று நடுங்கினேன். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இழுக்கவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது, அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டார்.

அழுகைச் சத்தத்தைக் கேட்டு ஏதோ விபரீதம் என்று நினைத்து, ரீச்சர் நொண்டி நொண்டி ஓடிவந்தார். திறந்த கதவுக்குள் வந்துதான் நின்றார். தாய் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஊரில் ரீச்சரைத் தெரியாதவர் இல்லை.

கேள்விகளை ரீச்சர் மாதக்கணக்காக எழுதி, திருத்தி, என்னை வைத்துப் பழகியிருந்தார். ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்க, நின்ற நிலையிலேயே, "அவன் என்னைத் தேடித்தான் வந்தானா?" என்று கேட்டார்.

தாய் அக்காவின் தோளிலிருந்து விலகி, ஏப்ரனால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "காலையில் வழமைபோலப் பாணில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டான். கோட்டைப் போட்டான். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். யாராவது வந்து எனக்குச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

நான் கடிதம் எழுதினேனே என்றார் ரீச்சர். இந்த ஊரிலிருந்து வரும் கடிதங்களில் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும், ஒன்றையும் திறப்பதில்லை என்றார் தாய்.

"எனக்கும் தெரியாது," என்றார் ரீச்சர். அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் அந்த ஒரு பதிலுக்காகத் தாள் தாளாக அடுக்கியவர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதை மறைக்கச் சட்டியை எங்கே வைப்பது என்று தேடினேன்.

அக்கா என்னை முழங்கையால் இடித்தார். என்னவாம் என்றார். இரண்டு பேருக்கும் தெரியாதாம், ஏன் செய்தான் என்று ஒருவருக்கும் தெரியாதாம் என்றேன். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"எனக்கும் தெரியாதெண்டு சொல்லு. என்ரை பிள்ளை துவக்கோடை எங்கை நிக்கிறான், ஆரைச் சுடுறான், எனக்கும் தெரியாது. சொல்லு."

நான் தயங்கினேன். ரீச்சருக்கு முன்னால் இத்தனை நாளும் நான் மூடி மறைத்தது இது. அக்கா என் கையில் நுள்ளினார். சொன்னேன், ஒரு சொல் விடாமல். ரீச்சர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். எங்கள் எல்லோரிடமும் அப்பாவையும் அடியையும் கோபத்தையும் பற்றிக் கேட்டவர், பின்வரிசையில் வெங்காயம் உரித்தவரை அன்றைக்குத்தான் காண்கிறார்.

பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.

அக்கா சொன்னார். ரீச்சர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. தாயும் சொல்லிப் பார்த்தார், அது இன்னும் மோசம். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேருக்கும் திருத்திக் கொடுத்தார். மூன்றாம் முறை ஏறக்குறைய வந்தது.

அப்போது தாய் தன்னுடைய மகனின் பெயரைச் சொன்னார். ரீச்சர் கிழமை தவறாமல் அவனைப் பற்றிப் பேசியிருக்கிறார், அந்தப் பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அதைத் திருப்பிச் சொன்னார். முதற்பெயரும் குடும்பப் பெயருமாக, வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற குரலில்.

தாய் தலையாட்டினார். "அவன்தான்," என்றார்.